புதுச்சத்திரத்திலிருந்து பெங்களூரு தொழில்நுட்பக் கண்காட்சிக்கு: அக்காவின் பெட்டியோடு ஒரு நாள்

பெங்களூரில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய தொழில்நுட்பக் கண்காட்சிக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தனியாக ஆசை எதுவும் இருந்ததில்லை. நான் சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறேன், ரயில்வே அலுவலகத்தில் வேலை. போனது என் அக்கா மரகதத்துக்காக.

அக்கா புதுச்சத்திரத்தில் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருக்கிறாள். மூன்று கோடைக்கு முன் ஒரு மதியம், மூன்று ஒயரில் வரும் மின்சாரத்தில் ஒரு ஒயர், அதாவது ஒரு பேஸ், மட்டும் போய்விட்டது. ஷெட்டின் மின்விசிறி மோட்டார்கள் உறுமிக்கொண்டே சூடாகிக் கருகின. யாரும் கவனிப்பதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோழிகள் வெக்கையில் செத்துப்போயின. அதன் பிறகு அவளே உட்கார்ந்து, ஒரு பேஸ் போனாலும் உடனே போன் அடித்துச் சொல்லும் பெட்டி ஒன்றைச் செய்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்து, இப்போது சுற்றுவட்டாரத்தில் இருபத்திரண்டு ஷெட்டுகளில் அது ஓடுகிறது. ஆனாலும் அவளுக்கு ஒரு சந்தேகம்.

"பெரிய கம்பெனிக்காரங்க இதைவிட நல்லதா செஞ்சிருப்பாங்க கண்ணு. ஒருக்கா போய்ப் பார்த்துட்டு வாரேன். இருந்துச்சுன்னா நான் இதோட நிறுத்திக்கறேன்" என்றாள். அவளைத் தனியாக அனுப்ப மனமில்லை. நானும் விடுப்புப் போட்டேன்.

பார்வையாளர் பதிவு இணையத்தில் இலவசம். நிறுவனத்தின் பெயர் கேட்ட இடத்தில் 'கோழிப் பண்ணை' என்று நிரப்பினேன். வேறு என்ன எழுத?

ஒரு வியாழக்கிழமை அக்கா அதிகாலை பஸ் பிடித்து, 38 கிலோமீட்டர் வந்து, சேலம் புதிய பேருந்து நிலையத்தில் 5.30க்கு இறங்கினாள். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் துண்டில் சுற்றிய பெட்டி. 5.50 பெங்களூரு பஸ்ஸில் ஏறினோம். ஆளுக்கு 240 ரூபாய் ஆனது. பையை மேலே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்ததைப் பார்த்த கண்டக்டர், "உள்ள என்னங்கம்மா, முட்டையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கோழிக்குக் காவல் வெக்கறதுங்க" என்றாள் அக்கா. அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். புரிந்ததா தெரியவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக 10.15க்கு சில்க் போர்டு. பஸ்ஸிலேயே மெஜஸ்டிக் வரை போகாதீர்கள், நெரிசலில் ஒரு மணி நேரம் வீணாகும். சில்க் போர்டில் மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் மாறி, பச்சை வழித்தடத்தில் கடைசி நிலையமான மாதவாரா வரை போங்கள். ஒருவருக்கு 90 ரூபாய். கண்காட்சி வளாகம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். நாங்கள் உள்ளே நுழையும்போது மணி 11.50. வாசலில் பாதுகாப்புப் பெண் பெட்டிக்குள் ஒயர்களைப் பார்த்து நிறுத்தினார். அக்கா அரைகுறைக் கன்னடத்திலும் கைஜாடையிலும் விளக்கியதும் விட்டுவிட்டார்.

உள்ளே ஐந்து கூடங்கள். ஒவ்வொன்றும் எங்கள் ரயில் நிலைய நடைமேடையைவிட நீளம் என்று தோன்றியது. ரோபோ காபி கலக்கிக் கொடுத்தது. நான் வாய் பிளந்து நின்றேன். அக்காவோ ஒயர் முனையை அழுத்திப் பொருத்தும் ஒரு கைக்கருவியின் முன் பத்து நிமிடம் நின்றாள்.

மூன்றாவது கூடத்தில்தான் நாங்கள் தேடி வந்தது கிடைத்தது. பண்ணைக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் அரங்கு. சின்ன மோட்டாரில் விசிறி ஓட, அதற்குமேல் பளபளவென்று ஒரு எச்சரிக்கைப் பெட்டி, பச்சை விளக்கு. விளக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணகிரிப் பையன் மெயின் சுவிட்சை அணைத்தான். உடனே மணி அடித்தது. அக்காவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

ஆனால் அவள் நகரவில்லை.

"ஏனுங்க, மூணுல ஒரு பேஸ் மட்டும் போனா என்னாகுமுங்க? ஓடற மோட்டாரே அந்த லைன்ல கொஞ்சம் வோல்டேஜைத் திருப்பி விடுமுங்களே. உங்க பெட்டி கரண்டு இருக்குதுன்னு நெனச்சுக்காதுங்களா?"

பையன் பின்னால் போய் ஒரு பொறியாளரை அழைத்து வந்தான். ஐம்பது வயதிருக்கும், சென்னைப் பெண்மணி. கேள்வியை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு, மூன்று பியூசில் ஒன்றைக் கழற்றினார். விசிறி உறுமிக்கொண்டே சுற்றியது. பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது. "நான் செஞ்ச பெட்டின்னா இதுக்குப் போன் அடிச்சுருமுங்க" என்றாள் அக்கா, தோள் பையைத் தட்டி.

"உங்க பெட்டி எப்படிக் கண்டுபிடிக்குது?" என்று அவர் கேட்டார்.

அக்கா துண்டைப் பிரித்தாள். மோட்டாரை நிறுத்தச் சொல்லி, பியூசைத் திரும்ப மாட்டி, ஒயர்களைக் கவ்வும் மூன்று வளையங்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். "வோல்டேஜை நம்பறதில்லைங்க. மூணு ஒயர்லயும் ஓடற ஆம்பியரைப் பார்த்துக்குமுங்க. ஒண்ணுல ஓட்டம் நின்னா உடனே தெரிஞ்சுருமுங்க." மோட்டார் மறுபடி ஓடியது. பொறியாளர் மறுபடி பியூசைக் கழற்றினார். பத்து நொடிக்குள் என் கைப்பையில் போன் அடித்தது; பெட்டியில் என் நம்பரைத்தான் போட்டு வைத்திருந்தாள்.

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா மட்டும் வளையங்களைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க படிச்சீங்க?"

"ஐடிஐ ரெண்டு வருசமுங்க. மிச்சமெல்லாம் கோழி செத்துக் கத்துக்கிட்டதுங்க."

பொறியாளர் சிரிக்கவில்லை. "எங்க ஆளுங்களை உங்க ஷெட்டுக்கு அனுப்பலாமா? நேர்ல பார்க்கணும்" என்றார். "வரட்டுங்க. ஊட்டுல சாப்பாடு போட்டு அனுப்பறேன்" என்றாள் அக்கா.

மாலை 4 மணிக்குக் கிளம்பினோம். திரும்பும் பஸ்ஸில் அக்கா ஓசூர் தாண்டும்வரை டிக்கெட்டின் பின்பக்கம் ஏதோ கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு, "இருபத்தி மூணாவது பெட்டிக்குச் சாமான் வாங்கோணும்" என்றாள். அவ்வளவுதான்.

முதல்முறை போகிறவர்களுக்கு: சமதளமான செருப்புப் போடுங்கள், குறைந்தது ஆறு கிலோமீட்டர் நடப்பீர்கள். உள்ளே சாப்பாடு ஆளுக்கு 250 ரூபாய், சுவை சுமார். வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் வெளியே உட்கார்ந்து சாப்பிடலாம். எல்லாக் கூடத்தையும் பார்க்க நினைக்காதீர்கள், வரைபடம் வாங்கி உங்களுக்கு வேண்டியதை முதலில் பாருங்கள். அதைவிட முக்கியம், உங்கள் தொழிலில் நீங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். அரங்கின் பளபளப்பைப் பார்த்து நான் கூசினேன், அக்கா கூசவில்லை.

இதைப் புதுச்சத்திரத்திலிருந்து எழுதுகிறேன். அந்த நிறுவனத்திலிருந்து இன்று காலை இரண்டு பொறியாளர்கள் வந்திருக்கிறார்கள். ஷெட்டுக்குள் கோழிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருவரும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.