உருவம் மறைந்தவள் தின்ற இட்லி

ராமநாதபுரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மாஷிதா, செல்போனில் மாயக்கதை ஒன்றைத் தொடராக எழுதிவந்தாள். அதில் நாயகி நினைத்தபோது உருவம் மறைவாள். "மறைஞ்சப்புறம் இட்லி தின்னா, அது வயித்துக்குள்ள தெரியுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தாள். மாஷிதாவுக்குப் பதில் தெரியவில்லை.

வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்த பாம்பன் மீனவர் ராயப்பனிடம் ரத்தம் எடுத்தபடியே அதைக் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"கண்ணாடி மாதிரி இறால் குஞ்சு இருக்குல்லம்மா, அது தின்னது மட்டும் உள்ள கருப்பாத் தெரியும்."

அப்படியானால் நாயகி வெறும் வயிற்றோடுதான் மறைய வேண்டும். நிம்மதியான மாஷிதா, குழாயில் நிறைந்த ரத்தத்தைப் பார்த்ததும் மறுபடி குழம்பினாள்.

"மறைஞ்சவ கிட்ட எடுத்த ரத்தம் தெரியுமாண்ணே?"

அவர் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடி எழுந்தார். "தெரியலையேம்மா. பசிக்குது, நான் வாரேன்."

அன்று எழுதிய பகுதியில், உருவம் மறைந்த நாயகி தன் விரலில் ஊசி குத்திப் பார்க்கலாமா என்று தயங்கி உட்கார்ந்திருந்தாள்.