ஒரு சாண் உயரக் கொக்கி

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு வருடமாகக் கல்யாண வீடு, சலூன், பஸ் என்று ஓர் இடம் விடாமல், நாங்கள் டிராக்டர் செய்கிறோம் என்று சொல்லித் திரிந்தேன்.

உண்மையில் டிராக்டர் வெளிநாட்டிலிருந்து பெட்டிகளில் வரும். ராசிபுரம் ரோட்டிலிருக்கும் எங்கள் ஷெட்டில் சக்கரம், சீட், பேட்டரி மாட்டி, உள்நாட்டில் பொருத்தப்பட்டது என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்டிக்கரும் அந்தப் பெட்டியிலேயே வந்துவிடும். நான் ஸ்டோர் கிளார்க். ஹாரன் அடித்துப் பார்ப்பது என் உபரிச் சேவை. சக்கரம் மாட்டும் ஆறு பேரில் ஒருத்தி என் மனைவி. முன்பு நூல் மில்லில் இருந்தாள். பஞ்சுத் தூசியில் பிடித்த இருமல் இங்கே வந்த பிறகுதான் விட்டது.

ஒருநாள் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். இனி முழு வண்டியாகவே இறக்கப்போகிறார்களாம். சக்கரம் மாட்டுகிறவர்கள் அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாமாம். அவளுக்கு மறுபடியும் நூல் மில்தான். என் வேலைக்கு ஆபத்தில்லை. முழு வண்டிக்கும் ஹாரன் உண்டு.

அன்று சமையலறையில் அவள் ஒருமுறை இருமினாள். தண்ணீரோடு ஓடினேன். தாளித்த நெடிதான் என்றாள். இருந்தாலும் செம்பைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரமே நாமகிரிப்பேட்டையிலிருந்து மாமனார் போன் செய்தார். என் பேச்சை நம்பி எங்கள் டிராக்டரை வாங்கியவர். மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் டிரெய்லர் அதில் மாட்டவில்லையாம்.

"நீங்க செஞ்ச வண்டிதானுங்க மாப்பிள்ளை. வந்து சரி பண்ணிக் குடுங்க."

அதில் கிண்டலே இல்லை. அதுதான் சுட்டது.

இருவரும் போனோம். நான் ஹாரன் அடித்தேன். அருமையாக ஒலித்தது. அவள் குத்தவைத்து உட்கார்ந்து, கொக்கிக்கும் டிரெய்லர் மூக்குக்கும் நடுவே கையை விரித்தாள்.

"கொக்கி ஒரு சாண் எறக்கமா இருக்குதுங்க. வண்டி செஞ்ச ஊர்ல கெழங்கு ஏத்த மாட்டாங்களாட்ட இருக்குது."

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் போய், கனத்த தகட்டில் உயரக் கொக்கி ஒன்றை வெல்டிங் வைத்து வாங்கிவந்து, அவளே மாட்டினாள். மாமனார் பாரம் ஏற்றி, ஜவ்வரிசி மில்லுக்குப் போய்த் திரும்பினார்.

என் வாய் அன்றுதான் முதல்முறையாக உருப்படியாக வேலை செய்தது. மேனேஜரை விடாமல் நச்சரித்து, அழைத்துவந்து காட்டினேன். டிரெய்லர் மாட்டாத டிராக்டரை இந்தப் பக்கம் யார் வாங்குவார்கள்? இனி ஒவ்வொரு வண்டிக்கும் இங்கேயே கொக்கி வைப்பது என்று முடிவானது. நான்கு பேருக்கு வேலை தங்கியது. முதல் ஆள் அவள். மீதி இருவரையும் அந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது, ஸ்கூட்டரில் பின்னால் இருந்தவளிடம் ஆசையாகக் கேட்டேன்.

"இனியாச்சும் டிராக்டர் செய்யறோம்னு சொல்லலாமா சாமி?"

"கொக்கி செய்யறோம்னு சொல்லுங்க."