சூப்பரின்டென்ட் கம்ப்யூட்டரை அணைத்த நாள்

பாராட்டுக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார் எங்கள் சூப்பரின்டென்ட். அரியலூர் சிமென்ட் ஆலையின் ஸ்டோர் ஆபீசுக்குள் யார் வந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அதில் சொல்லியிருந்த வேலை என்னுடையது. பெயர் அவருடையது.

எண்பதுகளின் கடைசி. ஆலையின் முதல் கம்ப்யூட்டரில் உதிரிபாகப் பட்டியலை ஏற்றும் வேலைக்கு, பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். ஒரு வருடத்தில் இயந்திரம் மந்தமாகிவிட்டது. பேரிங் இருக்கிறதா என்று தேடச் சொன்னால், டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம். "பொம்பள கை பட்டா அப்படித்தான் சார் ஓடும்" என்று மேனேஜரிடம் சொல்லிச் சிரித்தார் சூப்பரின்டென்ட்.

கோளாறு என் கையில் இல்லை. அழிப்பதும் சேர்ப்பதுமாக இருந்ததில், ஒவ்வொரு பட்டியலும் துண்டு துண்டாக டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடந்தது. அவற்றை ஒன்றுசேர்க்கும் புரோகிராமை, கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் திருச்சி இன்ஜினியர் என்னிடம் கொடுத்து, "பாதியில மட்டும் நிறுத்திடாதீங்க, எல்லாம் போயிடும்" என்று எச்சரித்தார். முதலில் பிளாப்பிகளில் நகல் எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து முடித்தேன். திங்களன்று, கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது. மேனேஜர் அசந்துபோனார். "நான்தான் சார் பண்ணேன்" என்றார் சூப்பரின்டென்ட், நான் பக்கத்தில் நிற்கும்போதே. அடுத்த வாரம் அவருக்குக் கடிதம் வந்தது. என்னை லாரி எடைமேடையில் சீட்டு எழுத அனுப்பினார்கள். பிளாப்பிகளை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

ஏழெட்டு மாதத்தில் இயந்திரம் மறுபடி மந்தமானது. மேனேஜர் அவரையே சரிசெய்யச் சொன்னார். எடைச் சீட்டுகளைக் கொடுக்கப் போன நான் பார்த்தேன், திரையில் அதே புரோகிராமின் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. "ரெண்டு மணி நேரமா இதே கதைதான். நிறுத்திட்டு மறுபடி போட்டா சரியாயிடும்ல?" என்றபடி சுவிட்சில் விரலை வைத்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நீங்க பண்ணதுதானே சார். உங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

அணைத்தார்.

பட்டியல் அத்தனையும் போயிற்று. மூன்று நாள் அவர் ஸ்டோர் தூசிக்குள் குந்தி உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எண்ணினார். போக வரப் பார்த்தேன், போதவில்லை. நான்காம் நாள், அவர் இருக்கும்போதே, பிளாப்பிகளை மேனேஜர் மேசைமேல் வைத்தேன். "முதல் தடவை நான் பண்ணப்போ எடுத்து வச்சது சார்." மேனேஜர் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் காத்திருந்தேன்.

அன்று மாலை எடைமேடைக்கே வந்தார். "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கலாம் சார்" என்றேன், அடுத்த லாரியின் நம்பரை எழுதிக்கொண்டே.

வயதானால் மனம் தானாக இளகும் என்கிறார்கள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இன்னும் இளகவில்லை.