குளுக்கோஸ் ஏறும் வரை

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் நான் ஆண் தாதி. நண்பகல் லுஹர் பாங்கு முடிந்த கையோடு, நிந்தவூரிலிருந்து ஒரு உம்மாவை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். உடுப்பெல்லாம் வியர்வையில் தொப்பலாகியிருந்தது. கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. தொட்டவர்களை உதறித் தள்ளினார்.

கூட வந்தவர் அவருடைய கணவர், வயல் செய்பவர்.

"மகன் கட்டாரில மௌத்தாகி ஒரு கிழமைதான் தம்பி. அங்கயே அடக்கிட்டாங்க, இவ முகம் பாக்கல்ல. அதுல மூளை குழம்பிட்டு எண்டு எல்லாரும் சொல்றாங்க. தண்ணி ஓதியும் குடுத்துப் பாத்தம்."

நினைவு தடுமாறி யார் வந்தாலும், முதலில் விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்ப்போம். சீனி இறங்கினால் பக்கவாதம் போலவும் இருக்கும், குடிவெறி போலவும் இருக்கும், பைத்தியம் போலவும் இருக்கும். கருவி முப்பத்தொன்று காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு.

"இவக்கு சீனி வருத்தம் இருக்கா?"

"ஓம். அதுக்கு மருந்துக் குளிசை போடுறவ."

"சாப்பிடுறாவா?"

"செய்தி வந்ததில இருந்து சோறு வாயில வைக்கல்ல. குளிசைய மட்டும் நான் மறக்காமக் குடுத்துட்டு வந்தன்."

நரம்பு தேடக் குனிந்தேன். என் முகம் கிட்டப் போனதும் அந்த உம்மா அடங்கினார்.

"மகன், எப்ப வந்த?"

கை அசையாமல் இருந்தால் போதுமென்று, "இப்பதான் உம்மா" என்றேன்.

"சாப்பிட்டயா?"

"ஓம் உம்மா."

அவராகவே கையை நீட்டித் தந்தார். ஊசி ஏறியது. டொக்டர் சொன்னபடி குளுக்கோஸை ஏற்றத் தொடங்கினேன். மரம் போலக் கிடக்கும் நோயாளிகள் எழும்பி "நான் எங்க இருக்கன்?" என்று கேட்பதுதான் இந்த வேலையில் எங்களுக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷம். அன்றைக்கு மெதுவாகத்தான் ஏற்றினேன். வேகமாக ஏற்றினால் நரம்பு எரியும் என்பது மட்டும் காரணமில்லை.

அவர் கண் தெளிந்தது. என் உடுப்பைப் பார்த்தார், பிறகு கணவரை.

"தம்பி, நீங்க ஆரு?"

சொன்னேன். கையை இழுத்துக்கொண்டு முக்காட்டைச் சரிசெய்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினார். தோள் மட்டும் குலுங்கியது.

கணவர் என்னை வெளியே கூப்பிட்டார். "குளிசையாலயா தம்பி?"

"சாப்பிடாமப் போட்டா இப்படி வரும் வாப்பா. உங்களுக்குத் தெரியாதுதானே."

அவர் திரும்பி மனைவியிடம் போனார்.

குளிசையின் வேகம் உடம்பில் கிடந்து மறுபடியும் சீனியை இறக்கும் என்பதால் வார்ட்டில் வைத்தார்கள். வேலை முடிந்து எட்டிப் பார்த்தேன். கணவர் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமலே அந்த உம்மா வாயைத் திறந்தார்.

"போதும்."

"இன்னும் ஒரு வாய்."

நான் உள்ளே போகவில்லை. இரண்டு நாளில் குளிசையை மாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர்களை நான் காணவில்லை.