முன்னுக்கு ஆறு, பின்னுக்கு ஐந்து

லொறிக்கு முன் அச்சு மாற்றிக் கொடுக்கிற கராஜ்காரர் எவரும் "சில்லெல்லாம் வட்டம்தானே, ஏன் பொருந்தாது?" என்ற கேள்வியிலிருந்து தப்பியதில்லை. பரந்தனுக்குக் கிட்ட கராஜ் வைத்திருக்கிற நானும் தப்பவில்லை. இதே தொழில் செய்கிற நீங்களும் கிறீஸ் கையோடு நின்று இதைக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஜெயபுரத்துக் குணம் அண்ணையின் லொறிக் கதையைச் சொல்கிறேன்.

ரொட்டி மாவில் எடுத்த அளவு

குணம் அண்ணையின் லொறிக்கு முன் அச்சு மெலிந்தது. அவர் ஏற்றுகிற நெல் மூட்டையோ அதைவிடப் பெரிய லொறிக்கு உரியது. பூநகரிப் பக்கத்துத் தெருப் பள்ளம் கிடங்குகளில் விழுந்தெழும்பி முன் சில்லின் பெயாரிங் அடிக்கடி போய்விடும். இந்த முறை அச்சே வளைந்து, லொறி அவர் வீட்டு வளவில் ஜக்கில் நின்றது. கனமான அச்சு ஒன்று போடுவோம் என்றேன். ஆனால் இருக்கிற சில்லுகள் அதில் ஏற வேண்டுமென்றால், பொல்ட் ஓட்டைகள் என்ன இடைவெளியில் இருக்கின்றன என்று எனக்குத் தெரிய வேண்டும். அளந்துகொண்டு வரச் சொன்னேன்.

அண்ணை பஸ்ஸில் ஒரு பொட்டலத்தோடு வந்து இறங்கினார். கோதுமை மாவைப் பிசைந்து சில்லின் நடுவில் அப்பி, ஓட்டைகளின் அடையாளம் விழுந்ததும் உரித்து, வாழையிலையில் வைத்து மடியில் கொண்டுவந்திருக்கிறார். பஸ் குலுக்கின குலுக்கலில் வட்டம் மாம்பழ வடிவத்துக்கு வந்துவிட்டது. நான் தலையில் கை வைத்தேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"பாத்து முடிஞ்சா சுட்டுச் சாப்பிடுவம், தம்பி. வீணாக்கக் கூடாதெண்டு மனிசி தேங்காய்ப்பூவும் போட்டுத்தான் பிசைஞ்சவா."

காதில் ஏறாத மிச்சம்

பிறகு நானே மோட்டார் சைக்கிளில் ஜெயபுரம் போய் அளந்தேன். ஐந்து ஓட்டைச் சில்லை அளப்பது கரைச்சல். நாலோ ஆறோ என்றால் ஒரு ஓட்டைக்கு நேரெதிரே இன்னொன்று இருக்கும், ஐந்தில் அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் நடுவை அளந்து கணக்குப் பார்க்க வேண்டும். அதையெல்லாம் செய்து, வவுனியாவில் பழைய உதிரிப்பாகம் விற்கிறவருக்குத் தொலைபேசியில் அளவைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

அச்சு வந்தது. அண்ணையின் வளவில் சில்லைத் தூக்கி மாட்டினால் இரண்டு பொல்ட் சுகமாக நுழைந்தன. மூன்றாவது, ஓட்டையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. ஓட்டையைக் கொஞ்சம் அராவி விடுவோம் என்று குணம் அண்ணை அரத்தை எடுத்தே விட்டார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அராவின ஓட்டையில் நட் ஒழுங்காக உட்காராது. ஓடுகிற லொறியில் முன் சில்லு கழன்றால், பிறகு லொறியையும் தேட வேண்டும், ஆளையும் தேட வேண்டும். அரத்தைப் பறித்து வைத்துவிட்டு வவுனியாக்காரரை அழைத்துக் கேட்டேன்.

"அளவு சொன்னனீங்கள்தான், அண்ணை. அஞ்சு எண்டதும் நான் அச்சு எடுக்க எழும்பிப் போட்டன், மிச்சம் காதில ஏறேல்லை."

இரும்புக்காரன்

அந்த அச்சு திரும்பிப் போனது. வவுனியாக்காரரிடம் மிஞ்சி இருந்தது ஆறு பொல்ட் அச்சு. நல்ல பலம். ஸ்பிரிங், ஸ்டியரிங், பிறேக் எல்லாம் ஒத்துவரும், ரயரின் உயரமும் ஒன்றுதான். ஆனால் சில்லுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். முன்னுக்கு ஆறு, பின்னுக்கு ஐந்து. ஸ்பெயர் சில்லும் இரண்டு வேண்டும், ஒன்று மற்றதற்கு உதவாது.

அண்ணையின் மனைவி ராணியக்கா அன்றைக்குத்தான் கராஜுக்கு வந்தார். அறுவடை தொடங்கப் போகிற நேரம். பழைய இரும்பு வாங்குகிறவன் ஏற்கெனவே அவர்கள் வீட்டுப் படலைவரை வந்து லொறியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். "கடைசியா இதைச் செய்து பாருங்கோ. இந்த அறுவடைக்குள்ள லொறி இன்னொருக்காத் தெருவில நிண்டா, இரும்புக்காரனுக்குத்தான்" என்று அக்கா தீர்த்துச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். போர் முடிந்து மீளக் குடியேறின காலத்தில் அவர்கள் ஒழுங்கை வீடுகளுக்கு வந்த கூரைத் தகடெல்லாம் இந்த லொறியில்தான் வந்தது. எனக்கு அண்ணையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் அக்காவுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார்:

"லொறி போனா என்னை என்னெண்டு கூப்பிடுவினம், தம்பி? லொறிக்காரர் எண்டுதானே ஊருக்குத் தெரியும்."

தேசிக்காய்

வேலை முடிந்தது. லொறி வெளிக்கிடும்போது தேசிக்காய் நசிக்க வேண்டுமே. அக்கா இரண்டு முன் சில்லுக்கும் கீழே ஒவ்வொன்று வைத்தார். பின்னுக்கும் வைக்கலாமே என்றேன். அக்கா மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பின்னுக்கு என்னத்துக்கு? பின்னுக்கு நீங்கள் ஒண்டும் மாத்தேல்லையே."

புளியமரத்தடி

முதல் நெல் ஏற்றிய அன்றே அண்ணை அழைத்தார். பின் ரயர் வெடித்து, லொறியை ஒரு புளியமரத்தின் கீழ் ஒதுக்கியிருக்கிறார். கையில் இருப்பது ஆறு ஓட்டை ஸ்பெயர். இன்னொரு மூட்டைக்கு இடம் விடலாம் என்று ஐந்து ஓட்டைச் சில்லை வீட்டில் விட்டுவிட்டாராம். "இதை எப்பிடியும் அஞ்சு பொல்ட்டில..." என்று தொடங்கினார். அரத்தைத் தொட வேண்டாம், ஐந்து ஓட்டைச் சில்லை அனுப்பச் சொல்லி அக்காவுக்குச் சொல்லுங்கள் என்றேன். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்கும் மனம் விழுந்துவிட்டது. நான் போட்ட அச்சு ஒரு அறுவடைகூடக் காணாமல் இரும்புக்குப் போகப் போகிறது.

நான் போய்ச் சேர, பூநகரிப் பக்கமிருந்து பஸ் வந்து நின்றது. கண்டக்டரும் இன்னொருவரும் ஒரு சில்லை உருட்டி இறக்க, பின்னால் ராணியக்கா இறங்கினார். அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா நேரே முன்னுக்குப் போய்க் குனிந்து, இரண்டு பக்கமும் ஆறாறு நட்டையும் தொட்டுப் பார்த்தார். பிறகு மரத்தை நிமிர்ந்து பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"தெருவில நிண்டாத்தான் விக்கிறது எண்டனான். இது மரத்துக்குக் கீழயெல்லோ நிக்குது. சில்லைப் பூட்டுங்கோ, லொறிக்காரர்."

சில்லு பொருந்த ஓட்டைகள் மயிரிழை பிசகாமல் இருக்க வேண்டும், லொறி வீட்டில் நிலைக்க ஒரு புளியமரம் போதும்.