பருத்திமார்க் கரியும் ஒரு கிணற்றுத் தண்ணீரும்

தண்ணீரைக் கெடுக்க எவனுக்கும் அனுமதி தேவையில்லை. கெட்டதைத் திரும்ப எடுப்பதற்குத்தான் விண்ணப்பம், நேர்முகம், மூன்று பேர் கையெழுத்து. முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் நிரந்தர வேலை அமையாமல், யாரோ ஒரு பேராசிரியரின் ப்ராஜெக்டில் ஒண்டிக் காலம் தள்ளியவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், இதில் பாதி உங்கள் கதையாகத்தான் இருக்கும்.

நான் அப்படி ஒண்டியது தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில். பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்துகளில் சில லேசில் அழியாது. மண்ணிலிருந்து கிணற்றுக்கு இறங்கி அங்கேயே கிடக்கும். துணியில் வடிகட்டினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போய்விடும் என்று நம்ப முடியாது. அதைக் கரியில் பிடித்து எடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் என் வேலை.

மேல்படிப்பு

குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி. தம்பி என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள் கடையில் வைத்துக் கேட்டார். பி.எச்டி. முடித்துவிட்டேன், அதற்கு மேல் செய்கிற ஆராய்ச்சி இது, வேலை மாதிரிதான், ஆனால் வேலை இல்லை என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாகிவிட்டது.

அவர் அவசரப்படவில்லை. துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டி, நூலை அறுத்து, என் கையில் கொடுத்த பிறகுதான் சொன்னார்: "படிச்சு முடிச்ச பொறவும் படிக்கீங்கன்னா, மொத படிச்சது சரியா ஏறலையோ, தம்பி?"

நல்ல கரி

கரிசல் காட்டில் பருத்திமாருக்குப் பஞ்சமில்லை. பருத்தி எடுத்து முடிந்ததும் செடியைப் பிடுங்கி, அடுப்பெரிக்க வீட்டுக்கு வீடு அடுக்கி வைத்திருப்பார்கள். அதைக் காற்றுப் புகாமல் சுட்டு, அமிலத்தில் ஊறப்போட்டு, மறுபடி சுட்டுக் கழுவினால் பூச்சிமருந்தை உறிஞ்சுகிற கரி கிடைக்கிறது. முதல் முறை அது பிடித்த பிடியைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அதன் பெருமையைச் சொன்னேன்.

உறிஞ்சி முடித்த கரியை, விஷத்தோடு, ஆய்வகத்தின் பின்பக்கம் ஒரு டப்பாவில் மூடி வைத்திருந்தேன். அது குறைந்துகொண்டே வந்தது. ஆய்வக உதவியாளர் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, ஒளிக்காமல் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்தக் கரிக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னதும் மனுஷர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டப்பாவைத் தூக்கிப் பீரோவில் பூட்டினேன். நான் பூட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: "நல்ல கரின்னு நீங்கதான சார் எல்லார்ட்டயும் சொல்லுதீங்க. வீட்ல பிள்ளைகளும் இதுலதான் பல்லு வெளக்குது."

கிணற்றடி

எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். குடிக்க ஒரே கிணறு, அதுவும் பருத்திக் காட்டு ஓரத்தில். மருந்து தெளித்து முடித்தவர்கள் ஸ்பிரேயரைக் கொண்டுவந்து அந்தக் கிணற்று மேட்டில் வைத்துத்தான் கழுவுவார்கள். போர் போட்டிருந்தார்கள், அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஆராய்ச்சிக்காக நான் அந்தக் கிணற்று நீரைச் சோதித்ததில் மருந்து இருந்தது, இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது.

கிணற்றுக்குப் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய்தான் முடிவு என்ன என்று கேட்டவள். மற்றவர்கள் கேட்கவில்லை. இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். முன்பு போனதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இதைக் குடிக்காமல் இருப்பது நல்லது என்று சொல்ல முடிந்தது, சொன்னேன். இடுப்பில் நிறைகுடத்தோடு நின்று கேட்டாள். குடத்தை இறக்கவுமில்லை, கொட்டவுமில்லை. "அப்போ எதக் குடிக்க, சார்?"

நீல டிரம்

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு நீல டிரம் கொண்டுபோனேன். கல், மணல், கரி, அடியில் ஒரு குழாய். ஒரு வீட்டில் வைத்துப் பார்க்க ப்ராஜெக்டில் இடமிருந்தது. வடிந்த தண்ணீர் சுத்தமாக வந்தது. எனக்கு அன்று இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த மாதம் போனபோது சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்துக்கொண்டிருக்கையில், அவள் மண்பானையில் மொண்டு குடித்தாள். பானையில் இருப்பது எது என்றேன். கிணற்றுத் தண்ணீர்தான் என்றாள். டிரம் தண்ணீர் எனக்கும், சொந்தக்காரர்களுக்கும், அவள் புருஷனோடு கயத்தாறிலிருந்து வரும் லாரிக்காரர்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன். அவளுக்கு நான் ஏன் கோபப்படுகிறேன் என்றே விளங்கவில்லை. "வீட்டுக்கு வாரவியளுக்கு நல்ல தண்ணி குடுக்கணும்லா. நாங்க வீட்டாளு, எதையாவது குடிச்சிக்கிடுவோம்."

கட்டுரை

வயிற்றில் இருப்பதும் வருகிற விருந்தாளிதான், முதலில் அதற்குக் கொடு என்று சொன்ன பிறகுதான் ஒழுங்காகக் குடிக்க ஆரம்பித்தாள். ஆனால் கரிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. நிறைந்துவிட்டால் பிடிக்காது, சில சமயம் பிடித்து வைத்ததையே திரும்ப விடும். ஆகவே அவ்வப்போது மாற்ற வேண்டும், நான் மாற்றி வந்தேன். அதற்குள் ப்ராஜெக்டில் என் காலம் முடிகிற நாள் வந்துவிட்டது.

அவளுக்குப் பிள்ளை பிறக்கிற வரைக்குமாவது நீட்டிக் கொடுங்கள் என்று பேராசிரியரிடம் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. ப்ராஜெக்ட் முடிந்தாலும் கரியை நானே சுட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் உலையும் அமிலமும் கல்லூரியுடையவை. அவர் கெட்ட மனுஷர் அல்ல. எங்கள் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் ஏற்கப்பட்ட அன்று எல்லோருக்கும் தன் கைக்காசில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர். இப்போதும் பொறுமையாகத்தான் கேட்டார்: "பேப்பர்தான் வந்தாச்சே. இனிமே அங்கன போயி புதுசா என்னத்தக் கண்டுபிடிக்கப் போறீங்க?"

டிரம்மை எடுக்கப் போனது

கடைசிக் கரியும் நிறைகிற நேரம். அப்படியே விட்டுவந்தால் நல்ல தண்ணீர் என்று நம்பி, அதைவிட மோசமானதைக் குடிப்பாள். எடுத்துவிடுவதுதான் முறை. அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போவாயே என்று ஆசையோடு கேட்டேன். அதுவும் அதே ஊர், அடுத்த தெரு, அதே கிணறு.

அவள் புருஷன் டிரம்மைக் கவிழ்த்து, கரியைச் சாக்கில் அள்ளிக் கட்டிக் கொடுத்தான். நான் காரணங்களைச் சொன்னேன், ஒன்றுவிடாமல் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், குரலில் ஒரு கோபமும் இல்லாமல் சொன்னாள்: "நீங்க வராம இருந்திருந்தா இந்தத் தண்ணிய நிம்மதியாக் குடிச்சிருப்பேன், சார். இனி தெரிஞ்சுக்கிட்டே குடிக்கணும்."

இத்தனை ஆராய்ச்சிக்கும் பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீரிலிருந்து நான் மிச்சமில்லாமல் நீக்கிக் காட்டியது ஒன்றே ஒன்றுதான், அதைக் குடித்தவளின் நிம்மதி.