அழகுமலை வீட்டில் சிவந்த செடி

அழகுமலைக்கு மாட்டைத் தெரியும். எது ஏற்றத்தில் முரண்டு பிடிக்கும், எது பொதியைச் சரிக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். போடியிலிருந்து மலை உச்சியிலுள்ள மெட்டுக்கு அரிசியும் உப்பும் ஏற்றிப்போய் ஏலக்காய் மூட்டையோடு இறங்கும் பொதிமாட்டுக்காரன் அவன். வெக்கை நோய் வந்த வருஷம் மாடுகள் அத்தனையும் செத்துப்போயின. வேறு வழியில்லாமல் மலைமேல் ஒரு துரையின் பங்களாவில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தான். செடிகொடி பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாதது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதே பெரிய கவலை.

துரைசானி கூடத்தில் ஒரு செடியைத் தொட்டியில் வளர்த்தாள். வருஷமெல்லாம் பச்சையாக நிற்கும். மார்கழி நெருங்கும்போது உச்சி இலைகள் குங்குமமாய்ச் சிவக்கும். கிறிஸ்மஸ் விருந்தில் அதுதான் மேசை நடுவே இருக்கும்.

பங்குனியில் அதைக் கட்டையாக வெட்டச் சொன்னாள். அழகுமலை வெட்டினான். பால் வடிந்த குச்சிகளில் ஒன்றைத் தூக்கிப்போட மனமில்லாமல், வேலைக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுபோய் உடைந்த பானையில் ஊன்றினான். ஆடு கடித்துவிடும் என்று அவன் மனைவி செல்லத்தாய் பொழுது சாய்ந்ததும் பானையை வீட்டுக்குள் எடுத்து வைப்பாள்.

கார்த்திகை முடிவதற்குள் பானைச் செடி சிவந்துவிட்டது. பங்களாச் செடியோ பச்சையாகவே நின்றது. லயத்துப் பக்கம் வந்த பட்லர் ராஜாராம் அதைப் பார்த்துவிட்டான்.

"ஏண்டா, நல்ல செடியத் தூக்கிட்டு வந்து சொத்தச் செடிய அங்க வச்சிட்டியா?"

"ஆத்தா சத்தியமா இல்லண்ணே. அதுல வெட்டுன குச்சிதான் இது."

"தாய் பச்சையா நிக்குது, பிள்ள செவந்து நிக்குதா? யாருகிட்டச் சொல்ற கதைய?"

அழகுமலை இரண்டு செடியையும் மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தான். தண்ணீர் ஒன்று, எரு ஒன்று, மண்ணும் ஒன்று. அன்று முழுக்க யோசித்ததில், ஒருவேளை தானே மாற்றி வைத்துவிட்டோமோ என்ற சந்தேகம் அவனுக்கே வந்துவிட்டது.

உண்மையில் இரவு நீண்டு முழு இருட்டாக இருந்தால்தான் அந்தச் செடி சிவக்கும். துரைக்கும் துரைசானிக்கும்கூட அது தெரியாது. அந்த வருஷம்தான் துரை காற்றடித்து எரிக்கும் பெரிய விளக்கு ஒன்றை வாங்கிக் கூடத்தில் தொங்கவிட்டிருந்தார். துரை தூங்கப்போகும்வரை கூடம் பகல் மாதிரி இருக்கும். லயத்து வீட்டில் விளக்கே கிடையாது. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள்.

ராஜாராம் போய்ச் சொன்னபோது துரைசானி சண்டை போடவில்லை. சிவந்ததை வாங்கிக்கொண்டு பச்சையை அவனிடம் கொடுத்தாள். மாசி பிறந்தபோது அதுவும் லயத்தில் சிவந்தது.

செல்லத்தாய் அதன் பக்கத்தில் போகவே பயந்தாள். "நம்ம வீட்ல எதயோ பாத்து செவக்குதுய்யா இது. வெரசா கொண்டுபோயி விட்ரு."

"எதப் பாத்து?"

"எனக்கென்ன தெரியும்? நீதான தோட்டக்காரன்!"

ராஜாராம் இப்போது வேறு மாதிரிப் பேசினான். "கைராசிடா ஒனக்கு." துரைசானியும் அதை நம்பினாள். ஐப்பசியில் செடி லயத்துக்குப் போகும்; மார்கழியில் சிவந்து திரும்பும். மூன்று வருஷம் இப்படியே நடந்தது. அழகுமலை தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். மாட்டுக்கயிறு அறுத்த தழும்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த வருஷம் புரட்டாசியில் செல்லத்தாய்க்குப் பெண் பிறந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. பிள்ளை பெற்ற வீடு இருட்டாக இருக்கக் கூடாதென்று ஒரு சிம்னி விளக்கு வாங்கி ராத்திரியெல்லாம் எரித்தார்கள். பிள்ளை பக்கத்தில் விளக்கு, விளக்குப் பக்கத்தில் தொட்டி. மார்கழி வந்தும் ஒரு இலைகூடச் சிவக்கவில்லை.

கைராசி போய்விட்டது, இனிச் சோலியும் போய்விடும் என்றே நினைத்தான். தொட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பங்களாவுக்குப் போய் நின்றான். துரைசானி செடியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வீட்ல பிள்ள பொறந்திருக்கும்மா. அதுலருந்து செவக்க மாட்டேங்குது. பொறாமயா என்னன்னு எனக்கு ஒண்ணும் வெளங்கலம்மா."

ராஜாராம் அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னானோ, துரைசானி வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளே போய் ஒரு கம்பளித் துணியை எடுத்துவந்தாள். பிள்ளையைக் காட்டச் சொல்லி லயத்தை நோக்கி முன்னால் நடக்க ஆரம்பித்தாள். அதுவரை எந்தத் துரைசானியும் அங்கே கால் வைத்ததில்லை. பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். செல்லத்தாய் பதறி எழப்போனாள். துரைசானி கையமர்த்திவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் குந்தினாள். பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அந்த வருஷக் கிறிஸ்மஸுக்குப் பச்சைச் செடியையே மேசையில் வைத்தார்கள். ஆனால் துரைசானி லயத்துக்கு வந்த அன்றைக்கு அது அழகுமலைக்குத் தெரியாது. தொட்டியோடு பின்னாலேயே ஓடிவந்தவன், அதை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்று புரியாமல் லயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தான்.